பின் இருக்கையில் படுத்துப் பார்க்கிறவர்

சின்னக் கார் பார்க்கப் போகும் இடத்தில் மர்ஸூக் பொனட்டைத் திறக்கச் சொல்ல மாட்டார். பின்கதவைத்தான் திறப்பார். செருப்பைக் கழற்றி மணலில் வைத்துவிட்டு, சாரத்தை ஒதுக்கிக்கொண்டு, பின் இருக்கையில் மல்லாந்து படுப்பார். விற்பவன் வாயைப் பிளந்துகொண்டு நிற்பான். கால் கதவில் முட்டும். முழங்காலை மடக்கினால் இடுப்பு சரியும். கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துக் கிடந்துவிட்டு எழும்பி, "சரி வராது தம்பி" என்று செருப்பைப் போடுவார். லீற்றருக்கு எவ்வளவு ஓடும் என்று அதற்குப் பிறகுதான் கேட்பார். அதுவும் ஒரு மரியாதைக்கு.

கண்டக்குழியில் இதை வைத்து அவரைப் பகிடி பண்ணாத ஆள் இல்லை. பண்ணத்தான் செய்வார்கள். ஊரில் டீசலுக்கு வக்காலத்து வாங்கியவர் அவர் ஒருவர்தான். சின்னப் பெற்றோல் காருக்கு அவர் வைத்த பெயர் சவுக்காரப் பெட்டி, சோப்பு வைக்கிற பெட்டி. யாராவது அப்படி ஒன்றை வாங்கிவந்து சந்தியில் நிறுத்தினால், சுற்றிவந்து பார்த்துவிட்டு, "இதுட மூடிய எங்க வச்சிட்டு வந்தாய்?" என்று கேட்பார்.

அவருடைய வேன், நாட்டுச் சண்டை முடிந்த கையோடு வாங்கியது. காலையில் அது இருமுகிற இருமலில் அடுத்த வளவுக் கோழியும் எழும்பும். ஆனால் மணல் ஒழுங்கையில் புதையாது. வெங்காய மூட்டையும் ஏற்றும், கலியாண வீட்டுச் சனத்தையும் ஏற்றும். தொண்ணூறாம் ஆண்டு எருக்கலம்பிட்டியிலிருந்து விரட்டப்பட்டு வள்ளத்தில் வந்து கரையேறிய குடும்பம் அவருடையது. வள்ளத்தில் இடமில்லை என்று உம்மாவின் தையல் மெசினைக் கரையிலேயே விட்டுவந்தார்கள். வாசலில் பெரிய வாகனம் ஒன்று நின்றால்தான் மர்ஸூக்குக்கு நித்திரை வரும்.

மனைவி சுல்பாவுக்குச் சிறுநீரகம் பழுதானபோது அந்த வேன்தான் கைகொடுத்தது. புத்தளம் ஆஸ்பத்திரியில் மெசினில் போட்டு இரத்தம் கழுவ வேண்டும், கிழமைக்கு இரண்டு தரம். முடிந்து வெளியே வரும்போது பிழிந்து போட்ட துணிபோல வருவாள். குந்தி இருக்க முடியாது, தலை சுற்றும். நடு ஆசனத்தைக் கழற்றிவிட்டு மெத்தை விரித்து வைத்திருந்தார். வழியில் பாலாவி தாண்டுவதற்குள் உறங்கிவிடுவாள்.

பிறகு டீசல் இல்லாத காலம் வந்தது. வரிசையில் காய்ந்தார். டீசல் வந்தபோது விலையைத் தொட முடியவில்லை, வேனுக்கு வந்த ஹயர் ஓட்டமும் படுத்துவிட்டது. இரண்டு தரம் ஒரு தரம் ஆனது. சுல்பாவின் கால் வீங்கியது. டாக்டர் வீக்கத்தை விரலால் அழுத்திப் பார்த்தார். விழுந்த குழி மேலே வரவே இல்லை. கிழமைக்கு ஒரு தரம் போதாது, இப்படியே விட்டால் ஹஜ்ஜுப் பெருநாளைக் காண மாட்டா என்று சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார்.

வேன் என்றால் படுத்துக்கொண்டு ஒரு தரம் போகலாம். சின்னக் கார் என்றால் அதே எண்ணெய்க் காசில் இரண்டு தரம், ஆனால் இருக்கையில் குந்திக்கொண்டு. மர்ஸூக் எப்படிப் புரட்டிப் பார்த்தும் இதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

வேனை விற்கச் சொன்னவள் சுல்பா. "இதுட நடுக்கம் எனக்கு ஒத்துவருதில்ல. குடலெல்லாம் பிரட்டுது. சின்னதொண்ட எடுங்க, நான் குந்திக்கிட்டு வாறன்."

அந்த மெத்தையில் அவள் உறங்குவதைக் கண்ணாடியில் பார்த்துப் பார்த்து வேன் ஓட்டியவர் அவர். பொய் என்று தெரியும். படுத்துப் பார்க்கிற வேலை அன்றைக்குத் தொடங்கியது. முன் ஆசனத்தைச் சாய்த்தும் பார்த்தார். சாய்த்தால் கால் தொங்குகிறது. வீங்கிய கால் தொங்கக் கூடாது.

போன மாதம் குறிஞ்சிப்பிட்டி நளீரின் காருக்குள் படுத்துக் கிடந்தபோது நளீர் குனிந்து, "என்ன நானா, சவுக்காரப் பெட்டிக்குள்ள கட்டில் தேடுறீங்களா?" என்றான்.

மர்ஸூக் சிரிக்கவில்லை. கூரையைப் பார்த்தபடியே, "அவ என்ன விட உயரம் கட்டை" என்றார்.

நளீர் சாவியை நீட்டினான். மர்ஸூக் வேனைக் கொடுத்துவிட்டு அந்தக் காரை எடுத்துக்கொண்டு வந்தார். ஒழுங்கை மணலில் அதன் வயிறு உரசிய சத்தத்தை வீட்டுக்குள் இருந்த சுல்பா கேட்டாள். வெளியே வந்து, "வடிவா இருக்கு" என்றாள்.

முதல் பயணம். புத்தளத்தில் மெசினில் இருந்து இறங்கி வந்தவளைத் தாங்கிப்பிடித்துப் பின் இருக்கையில் கிடத்தினார். கதவு சாத்துப்படவில்லை. பாதம் வெளியே நின்றது. சுல்பா கண்ணைத் திறக்காமலே முழங்காலை இன்னும் மடக்கினாள்.

"இப்ப சாத்துங்க. இடம் இருக்கு."

மர்ஸூக் கதவுக் கண்ணாடியை இறக்கினார். அதற்குள்ளால் ஒரு கையை விட்டு, வீங்கிய பாதத்தைக் கதவு இடிக்காதபடி உள்ளங்கையால் பொத்திக்கொண்டார். மற்றக் கையால் கதவைத் தள்ளினார். அது அவருடைய புறங்கையில் அழுந்திப் பூட்டியது.