அடைப்பு எடுத்த செக்ரட்டரி

அடைப்பு எடுக்கிற வேலையில் இறங்கினால் முதலில் தெரியவருவது, எந்த வீட்டுக்காரரும் தன் சிங்க்கில் தண்ணீரைத் தவிர வேறெதையும் ஊற்றியதே இல்லை என்பதுதான்.

இது நான் படித்துத் தேடிக்கொண்ட வேலை அல்ல. பம்பாயில், ஃபோர்ட் பகுதியில் ஓர் ஆபீசில் ஸ்டெனோவாக இருந்தேன். எண்பதுகளில், செம்பூரில் பதினாறு வீடு கொண்ட எங்கள் கட்டடத்துக்கு மூன்று வருஷம் செக்ரட்டரியாகவும் இருந்தேன். மீட்டிங்குக்கு வராதவரைச் செக்ரட்டரி ஆக்குவது எங்கள் கட்டட வழக்கம். அன்றைக்கு என் டிரெயின் லேட். பிளம்பரோ கணபதி பண்டிகைக்குத் தன் ஊரான கொங்கணம் போனால் பதினைந்து நாளைக்குத் திரும்ப மாட்டார். பாத்திரம் தேய்த்த தண்ணீர் சிங்க்கில் மெல்ல ஏறி வருவதைக் கையைப் பிசைந்துகொண்டு பார்த்தவர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் வெற்றி

முதல் அடைப்பு என் வீட்டில்தான். சிங்க்குக்கு அடியில் குழாயோடு ஒரு கிண்ணம் மாதிரி இருக்கும். கசடெல்லாம் அதில்தான் தங்கும், கையாலேயே திருகிக் கழற்றலாம் என்று வாட்ச்மேன் சொல்லியிருந்தார். அடியில் பக்கெட்டை வைத்துக் கழற்றினேன். கறுப்பாகத் தண்ணீர் இறங்கியது. உள்ளே காப்பிச் சக்கையும் புளிக்கோதும் அடைபோல இறுகிக் கிடந்தன. ஸ்பூனால் தோண்டி எடுத்தேன். தரையில் ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

அந்தப் பெருமையோடு எழுந்து, பக்கெட்டை இரண்டு கையாலும் தூக்கி, இருந்த தண்ணீர் அத்தனையையும் சிங்க்கிலேயே கவிழ்த்தேன். கிண்ணத்தை இன்னும் மாட்டவில்லை என்பது புடவை நனைந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. சமையலறை வாசலில் பேப்பரோடு நின்றிருந்த என் கணவர் பேப்பரை மடித்துக்கொண்டே சொன்னார்: "எடுத்ததையெல்லாம் கணக்கா திருப்பிக் குடுத்துட்டே போலிருக்கே."

மினிட்ஸில் ஏறாதது

விஷயம் பரவிவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதல் மாடி சேஷாத்ரி மாமா கூப்பிட்டார். ரிட்டயர்டு அக்கவுண்ட்ஸ் ஆபீசர். "மாடிப்படியில் முட்டை, மீன் வாசனை வருவது குறித்து" என்று போன மீட்டிங்கில் தீர்மானம் கொண்டு வந்தவர். தீர்மானம் யாரைக் குறிவைத்தது என்று எல்லோருக்கும் தெரியும். மூன்றாவது மாடி காதர் பாய் அன்று இன்னொரு டீ வாங்கிக் குடித்தார்.

மாமா வீட்டு சிங்க்குக்கு அடியில் உட்கார்ந்து கிண்ணத்தைக் கழற்றினேன். மாமி டார்ச் பிடித்தாள். தண்ணீரோடு வெள்ளையாகச் சில்லுச் சில்லாக ஏதோ விழுந்தது. சுண்ணாம்போ என்று எடுத்துப் பார்த்தேன். முட்டை ஓடு. ஒன்றிரண்டு இல்லை, ஒரு கைப்பிடி. மாமி டார்ச்சைத் திருப்பி மாமா முகத்தில் அடித்தாள். அவள் பஜனைக்குப் போகிற வியாழக்கிழமைகளில் அந்தச் சமையலறையில் என்ன நடந்தது என்று எங்கள் இருவருக்கும் அப்போதுதான் புரிந்தது. மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு, ஆபீஸ் குரலிலேயே சொன்னார்: "செக்ரட்டரி, இது மினிட்ஸ்ல ஏற வேண்டாம்."

தோல் பட்டறை வைத்தியம்

காதர் பாய்க்குத் தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை. அவர் வீட்டு பாத்ரூம் அடைத்துக்கொண்டபோது, ரப்பர் கிண்ணம் செருகிய என் கட்டையை எடுத்துக்கொண்டு போனேன். ரப்பர் கிழிந்திருந்தது. எவ்வளவு அமுக்கினாலும் புஸ்ஸென்று காற்றுதான் போனது. பாய் அதைப் பட்டறைக்கு எடுத்துப் போய், மறுநாள் கனத்த தோலில் புதுக் கிண்ணம் தைத்துக்கொண்டு வந்தார். "தங்கச்சி, நீங்க தள்ளி நில்லுங்க. இதுல காத்துக்கூடப் போவாது பாத்துக்கிடுங்க" என்றவர், அதைத் தரை ஓட்டையை மூடும் ஜாலிமேல் வைத்து முழு பலத்தோடு மூன்று குத்துக் குத்தினார்.

பக்கத்து வீட்டு பாத்ரூம் குழாயும் இந்தக் குழாயும் சுவருக்குள் ஒன்றாகச் சேர்கின்றன என்பது எங்கள் இருவருக்கும் தெரியாது. அந்தப் பக்கத்து ஜாலியை ஈரத்துணியால் அடைத்துவிட்டுத்தான் குத்த வேண்டுமாம். அந்தப் பக்கம் மராத்திக்கார அம்மாள் பாட்டீல் பாயி துணி துவைக்க உட்கார்ந்திருந்தார். அன்று முனிசிபாலிட்டி தண்ணீர் வராததால் காலையில் காதர் பாய் வீட்டில்தான் ஒரு பக்கெட் கேட்டிருந்தார். பத்து வருஷம் எங்களோடு பழகியதில் அரைத் தமிழ் பேசுவார். சுவருக்கு அப்பால் ஓர் அலறல் கேட்டது. தலையெல்லாம் கறுப்புத் தண்ணீர் சொட்ட வாசலில் வந்து நின்றார்: "பாய், நான் தண்ணி கேட்டேன். ஏ வாலா நஹி, இது இல்லே!"

கல்யாண் பார்ட்டி

கீழ் வீட்டுக் கமலம் மாமியின் பெண் வசந்தாவைப் பார்க்க, பம்பாய்க்கு வெளியே கல்யாண் என்ற ஊரிலிருந்து வருகிறார்கள் என்ற ஞாயிற்றுக்கிழமையில், நல்ல மழையோடு மாமி வீட்டுச் சமையலறையில் குழாய் எதிர்த்துக்கொண்டது. ஏற்கெனவே இரண்டு வரன் கைநழுவிப் போயிருந்ததால் மாமி அழவே ஆரம்பித்துவிட்டாள். தரையில் கணுக்கால் தண்ணீர். நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மூங்கில் பட்டையைக் குழாய்க்குள் விட்டு முழங்கை வரை கையை நுழைத்திருந்த நேரத்தில், மாப்பிள்ளையின் அம்மா சமையலறையைப் பார்க்க வந்துவிட்டாள்.

"இது யாரு?" என்றாள். மாமி பதற்றத்தில், "எங்காத்து வேலைக்காரி" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. பொய் சொன்னதற்கா, அந்த வார்த்தையை நான் அவமானமாக எடுத்துக்கொண்டதற்கா என்று இன்றும் தெரியவில்லை. வசந்தா பட்டுப்புடவையோடு தண்ணீரில் இறங்கி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "இவா எங்க பில்டிங் செக்ரட்டரி. எங்களுக்காக வந்திருக்கா" என்று சொல்லிவிட்டு, பட்டையை என்னோடு சேர்ந்து தள்ளினாள். கொடகொடவென்று தண்ணீர் இறங்கியது.

கல்யாணம் தையில் நடந்தது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்த நிமிஷத்தில் எனக்கு நம்பிக்கையே இல்லை. மாப்பிள்ளையின் அம்மா இறங்குகிற தண்ணீரை ஆசையோடு பார்த்துக்கொண்டே, "எங்காத்துலயும் ரெண்டு மாசமா அடைச்சுண்டு கிடக்கு. பொண்ணை எங்களுக்குப் பிடிச்சிருக்கு" என்றாள். வசந்தா நிமிர்ந்து, "அப்போ உங்க பிள்ளை ரெண்டு மாசமா என்ன பண்ணிண்டிருந்தார்?" என்று கேட்டாள். மாமி சுவரைப் பிடித்துக்கொண்டாள். ஹாலிலிருந்து மாப்பிள்ளையின் குரல்தான் வந்தது: "மூக்கைப் பிடிச்சுண்டிருந்தேன்."

பதினாறு வீட்டுக் குழாயிலும் கையை விட்டவள் சொல்கிறேன், அடைப்பு அரைமணியில் போய்விடும், "எங்க வீட்டுலேர்ந்துதான் குப்பை போயிருக்கும்" என்ற ஒரு வாக்கியம் வெளியே வரத்தான் மூன்று வருஷமும் போதவில்லை.