பிரேக் மிதிக்காத மாஸ்டர்

மகளைச் சட்டைக்குள் படுக்கவைத்துக்கொண்டு, மாஸ்டர் கார் சீட்டில் சாய்ந்திருக்கிறார். கார் கிடையாது, சீட் மட்டும்தான். டிரைவிங் ஸ்கூலின் கிழட்டு வண்டியை உடைக்கக் கொடுத்தபோது முன்சீட்டை மட்டும் கழற்றி எடுத்துவந்து, மரச்சட்டத்தில் முடுக்கி, படுக்கையறை ஜன்னலோரம் தொட்டிலுக்குப் பக்கத்தில் போட்டுவிட்டார். வேண்டிய அளவு சாயும். குழந்தையின் கன்னம் அவருடைய வெறும் நெஞ்சில் ஒட்டியிருக்கிறது. அதன் மூக்கில் மெல்லிய ட்யூப். மறுமுனை, அறை மூலையில் உறுமிக்கொண்டிருக்கும் ஆக்சிஜன் மெஷினில். இன்னொரு ஒயர் குழந்தையின் பாதத்தில் சுற்றிய பட்டையிலிருந்து கிளம்பி ஒரு சின்னப் பெட்டிக்குப் போகிறது. ரத்தத்தில் எவ்வளவு ஆக்சிஜன் இருக்கிறது என்பதைப் பெட்டி சிவப்பு எண்ணாகக் காட்டும். எண் ஒரு படி இறங்கினால் மாஸ்டரின் வலது கால் தரையை அழுத்துகிறது. ஏறினால் தளர்கிறது. தான் இப்படிச் செய்வது அவருக்குத் தெரியாது. அந்த இடத்தில் மட்டும் தரைவிரிப்பு தேய்ந்து நூல் பிரிந்திருக்கிறது.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஊரிலேயே பிரேக் மிதிக்காத மாஸ்டர் என்று பெயரெடுத்தவர் இவர். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற வண்டிகளில் மாஸ்டர் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். மற்ற மாஸ்டர்கள் சைக்கிள் ஒன்று தூரத்தில் தெரிந்தாலே அதை மிதித்து, கற்றுக்கொள்ள வந்தவரின் நெற்றியைக் கண்ணாடியில் முட்டவைப்பார்கள். இவர் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, "நான் இருக்கேன்ல, போங்க" என்பார். எதிரே தண்ணீர் லாரி வந்தாலும் அதே "போங்க"தான். உண்மையாகவே ஆபத்து என்றால் மட்டும் கடைசி நொடியில் கால் போகும். "எடுத்ததுக்கெல்லாம் நான் மிதிச்சா வண்டி நிக்கும்க்கா. நீங்க கத்துக்க மாட்டீங்க" என்பது அவர் கொள்கை.

அவரிடம் பாஸானதற்கு அடையாளம் ஒன்று உண்டு. ஒருநாள், ஆளில்லாத நீண்ட தெருவில் போய்க்கொண்டிருக்கும்போது, அவர் பேச்சே இல்லாமல் வலது காலை மேலே தூக்கி மடிப்பார். பிறகு இடது கால். சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவார். இனி பிரேக் பக்கம் அவருக்கு வேலை இல்லை என்று அர்த்தம். லைசென்ஸ் கையில் வருவதற்கு முன்பே, "மாஸ்டர் சம்மணம் போட்டுட்டாரு!" என்று வீட்டுக்குப் போன் போட்டுக் கத்தியவர்கள் இருக்கிறார்கள். நான் அவர் வீட்டுக்கு நேர்மேல் மாடியில் குடியிருக்கிறேன். அவருடைய மாணவர்களிலேயே மட்டமானவள் நான்தான். எனக்காக அவர் இதுவரை ஒரு காலைக்கூட மடித்ததில்லை.

குழந்தை சொல்லாமல் கொள்ளாமல் வந்தது. தொட்டில் வாங்கவில்லை, பெயர் யோசிக்கவில்லை, வர வேண்டிய மாதம் வெகுதூரத்தில் இருந்தது. பிறந்தபோது அப்பாவின் உள்ளங்கையில் அடங்கியது. மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியின் கண்ணாடிப் பெட்டியில் கிடந்தது. முதலில் மாஸ்டர் பக்கத்திலேயே போகவில்லையாம். பாத்திரக் கடையில் பீங்கான் சாமான் நடுவே மாட்டிக்கொண்ட ஆள் மாதிரி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பாராம். ஒருநாள் அங்கிருந்த நர்ஸ், "சட்டையைக் கழட்டிட்டு உக்காருங்க, குழந்தையை நெஞ்சுல போடணும்" என்றிருக்கிறார்.

"சிஸ்டர், நெஞ்செல்லாம் முடி. அவளுக்குக் குத்தும்."

"குத்தாது. அவளுக்கு உங்க சூடுதான் வேணும். உங்க அழகு வேணாம்."

அன்றைக்கு உட்கார்ந்தவர்தான். பிறகு எழுப்புவதுதான் பெரும்பாடாகிவிட்டது. வீட்டுக்கு அனுப்பும்போது அதே நர்ஸ் இன்னொன்றும் சொல்லி அனுப்பினார். "மெஷினையே பாத்துட்டு இருக்காதீங்க. பட்டை நழுவினா நம்பர் இறங்கும், காலை உதைச்சா இறங்கும். குழந்தையைப் பாருங்க. உதடு சிவப்பா இருக்கா, மூச்சுக்கு நெஞ்சு உள்ள இழுக்குதா, அதப் பாருங்க." மாஸ்டர் நன்றாகத் தலையாட்டிவிட்டு வந்தார்.

இப்போது விடிகாலையில் இரண்டு மூன்று பேருக்கு மட்டும் வகுப்பு எடுக்கிறார். அவர் திரும்பியதும் மனைவி கிளம்புவாள். அவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. இருந்த லீவு முழுவதும் ஆஸ்பத்திரியிலேயே தீர்ந்துவிட்டது. அவள் திரும்பி வரும்வரை குழந்தை மாஸ்டர் பொறுப்பு.

வாசல் கதவில் சிவப்பு 'எல்' போர்டு ஒட்டியிருக்கிறது. "ஓனரம்மாவுக்கு இல்லக்கா, எங்க ரெண்டு பேருக்கும்" என்கிறார். மகளை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். கதவுக்கு வெளியே ஒரு குழாய், ஒரு சோப்பு. முழங்கைவரை கழுவாமல் யாரும் உள்ளே போக முடியாது. சென்ட் போட்டு வந்தவர்கள், சிகரெட் வாடையோடு வந்தவர்கள், வரும்போது ஒருமுறை தும்மியவர்கள் எல்லோரும் வாசலோடு சரி. அவருடைய சொந்த அக்கா, பஸ் மாறி மாறி வந்தவர், மூக்கை உறிஞ்சிய குற்றத்துக்காக ஜன்னலுக்கு வெளியே நிறுத்தப்பட்டார். "நான் தூக்கி வளத்த பய, எனக்கே கதவைச் சாத்துறான் பாரு!" என்று தெருவுக்கே கேட்கத் திட்டிவிட்டு, கொண்டுவந்த தொப்பியை ஜன்னல் கம்பி வழியாக எறிந்தார். மாஸ்டர் அதை வெந்நீரில் அலசி, வெயிலில் காயவைத்து, பிறகுதான் மகளுக்குப் போட்டார். தொப்பி கண்ணை மூடியது.

அந்த வீட்டின் பாஷையே தனி. கதவுக்குப் பின்னால் நிற்கும் அவசரத்துக்கான ஆக்சிஜன் சிலிண்டர் 'ஸ்டெப்னி'. குழந்தை அழுதால் 'ஹார்ன்'. வாராவாரம் எடை பார்ப்பது 'மைலேஜ்'. பால் குடிக்கவைப்பது இருப்பதிலேயே பொறுமையான வேலை. நாலு வாய் உறிஞ்சும், களைத்துப்போகும், மூச்சு வாங்கும். பாட்டிலை எடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். கன்னத்தை ஒரு விரலால் தடவினால் மறுபடி நாலு வாய். "மேட்டுல ஏறுது வண்டி. அவசரப்படுத்தினா ஆஃப் ஆயிரும்" என்று எனக்கு விளக்கம் சொன்னார். எனக்கு மேட்டில் வண்டி ஆஃப் ஆகும்போது இந்தக் குரல் வந்ததாக ஞாபகம் இல்லை.

இவ்வளவு நன்றாகப் பார்த்துக்கொள்கிற மனிதரிடம்தான் வினை இருந்தது.

போன தடவை காட்டப் போனபோது டாக்டர், நுரையீரல் தேறி வருகிறது என்றார். தினமும் பகலில், பால் குடித்து விழித்திருக்கும் நேரத்தில், ட்யூபை எடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பக்கத்திலேயே இருந்து பார்க்கச் சொன்னார். உதடு நிறம் மாறினாலோ, மூச்சுக்குத் திணறினாலோ, எண் இறங்கி ஏறாமலே நின்றாலோ உடனே திரும்ப மாட்டிவிட வேண்டும். மற்றபடி நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். அடுத்த தடவை வருவதற்குள் அரைமணி நேரமாவது தாங்கவில்லை என்றால், மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்த்து என்னவென்று பார்க்க வேண்டியிருக்கும்.

மனைவி தினமும் கடையிலிருந்து வந்ததும் கைகூடக் கழுவாமல் வாசலில் நின்று கேட்பாள். "இன்னிக்கு?"

"ம்ஹூம். இறங்கிருச்சு. மாட்டிட்டேன்."

மறுநாளும் அதே கேள்வி, அதே பதில். மொட்டைமாடியில் துணி காயப்போட வந்த இடத்தில் என்னைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள மறுபடி அவளை எப்படிக்கா விட்டுட்டு வருவேன்? இனிமே என்னால முடியாதுக்கா" என்றாள். கையில் இருந்தது உள்ளங்கை அகலச் சட்டை. அதற்கு ஒரு கிளிப்பே அதிகம். நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். 

கடைக்கு விடுமுறை வந்த நாளில்தான் விஷயம் உடைந்தது. அன்று ட்யூபை எடுத்தபோது அவளும் பக்கத்தில் இருந்தாள். குழந்தை சிவந்த வாயைத் திறந்து கூரையைப் பார்த்துச் சிரித்தது. சிரித்த வேகத்தில் காலை உதைத்தது. பாதத்துப் பட்டை அசைந்தது. பெட்டியில் எண் சரிந்தது. அவள் வாயைத் திறப்பதற்குள் ட்யூப் மூக்குக்குத் திரும்பிவிட்டது.

"எதுக்கு மாட்டினீங்க?"

"இறங்கிருச்சுல்ல?"

"அவ சிரிச்சா! சிரிச்சதுக்கு மாட்டிட்டீங்க!"

மாடியில் இருந்த எனக்கே கேட்டது. "தினமும் இப்படித்தானா? இத்தனை நாளா நான் அவளுக்குத்தான் முடியலன்னு அழுதுட்டு இருக்கேன். ஃபெயிலானது அவ இல்ல, நீங்க!"

மாஸ்டரின் பதில் எனக்குக் கேட்கவில்லை. பிறகு அவளே சொன்னாள். "வண்டின்னா ஒரு நொடி இருக்கும்மா, மிதிச்சிரலாம். இவகிட்ட அந்த நொடி எதுன்னு எனக்குத் தெரியலையே" என்றாராம். எனக்கு அவர்மேல் ஏறிய கோபம் அங்கேயே இறங்கிவிட்டது. பயம் அவ்வளவு பெரிதாக இருக்கும்போது யார்தான் எண்ணைப் பார்க்காமல் இருப்பார்கள்?

மறுநாள் பகல், அவள் அரைநாள் லீவு சொல்லிவிட்டு என்னையும் கூப்பிட்டாள். "நீங்களும் வாங்கக்கா. நான் கத்துனா சாட்சி வேணும்." முழங்கைவரை கழுவிக்கொண்டு போனேன். மாஸ்டர் குளித்து, தலை வாரி, டெஸ்டுக்கு வந்த ஆள் மாதிரி கார் சீட்டில் விறைத்து உட்கார்ந்திருந்தார். தொட்டிலில் குழந்தை பால் குடித்த தெம்பில் விழித்துக்கிடந்தது. அம்மா தொட்டிலின் மறுபக்கம் ஸ்டூல் போட்டுக்கொண்டாள். ட்யூபை அவளே எடுத்து, கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தாள். ஆக்சிஜன் மெஷினையும் அணைத்தாள்.

இத்தனை மாதங்களில் அந்த வீட்டில் அப்படியோர் அமைதியை நான் கேட்டதில்லை. மின்விசிறியின் கிறீச் கேட்டது. தெருவில் யாரோ கேட்டைத் திறந்தார்கள். பிறகு, எல்லாவற்றுக்கும் அடியில், குழந்தை மூச்சுவிடும் சின்னச் சத்தம். மெஷின் இரைச்சலில் இத்தனை நாளும் அது மூழ்கிக்கிடந்திருக்கிறது. மாஸ்டர் தலையைச் சாய்த்து அதைக் கேட்டார். அவர் அதைக் கேட்பதும் அதுதான் முதல்தடவை என்று நினைக்கிறேன்.

சிறிது நேரம் ஒன்றுமில்லை. பிறகு குழந்தைக்கு உற்சாகம் வந்து காலை உதைத்தது. எண் சரிந்தது. பெட்டி ஒருமுறை கத்தியது. மாஸ்டரின் வலது கால் தரைவிரிப்பில் அழுந்தியது. கை ட்யூபுக்குப் போனது.

"மாஸ்டர்" என்றாள் மனைவி, குரலை உயர்த்தாமல். "கியரைப் பாக்காதீங்க. ரோட்டைப் பாருங்க."

அது அவர் எங்கள் எல்லோருக்கும் தினமும் சொல்கிற வாக்கியம். கியர் மாற்றும்போது நாங்கள் கீழே குனிவோம், அவர் சொல்வார். எனக்கு மட்டும் எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று அவருக்கே தெரியாது. அவர் கை பாதியில் நின்றது. பெட்டியிலிருந்து கண்ணைப் பிய்த்து எடுப்பதற்கு அவர் பட்ட பாடு முகத்தில் தெரிந்தது. மகளைப் பார்த்தார்.

உதடு சிவப்பாக இருந்தது. நெஞ்சு அலட்டிக்கொள்ளாமல் ஏறி இறங்கியது. வாயோரம் ஒரு பால்குமிழி பெரிதாகி உடைந்தது. அது உடைந்ததில் குழந்தைக்கே ஆச்சரியம்.

பட்டை பழையபடி பொருந்தியதும் எண் தானாகவே ஏறி நின்றது. எனக்கும் அவளுக்கும் தெரிந்தது. மாஸ்டர் பார்க்கவில்லை.

"நான் இருக்கேன்ல" என்றார் மகளிடம். "போங்க."

குழந்தை மறுபடி உதைத்தது. இந்தத் தடவை பெட்டி கத்தியபோது நான்தான் திடுக்கிட்டேன். அம்மா முந்தானை நுனியைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள். மாஸ்டர் தொட்டிலையே பார்த்தபடி, தேய்ந்துபோன தரைவிரிப்பிலிருந்து வலது காலைத் தூக்கி, சீட்டின் மேல் மடித்து வைத்தார். பிறகு இடது காலை.