கை வைக்காத சனிக்கிழமை

லோஜினியின் வலது கை சோற்றை அள்ளிப் போடும்போதே இடது கை அடுத்த பார்சலுக்கு லஞ்ச் சீற்றை விரித்துவிடும். பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, மீன்குழம்பு, மேலே ஒரு அப்பளம். பார்சல் மடிந்து மூடும் நேரத்தில் அவள் கண் வேறெங்கோ போயிருக்கும். "ஸப்வான் தம்பி, உங்கட பாக்கின்ர சிப் திறந்து கிடக்கு" என்பாள். சொல்லி முடிப்பதற்குள் எட்டி அதைப் பூட்டியும் விடுவாள். ஸப்வான் துறைமுகத்தில் வேலை செய்யும் பிள்ளை. பணத்தை எடுக்க அவன் அதை மறுபடியும் திறக்க வேண்டும்.

மதியத்தில் துறைமுக வேலையாட்களும் மூதூர் பஸ்ஸுக்கு நிற்பவர்களும் சாப்பாடு வாங்குவது அவள் கடையில்தான். நான் பக்கத்து வீட்டுக்காரி. முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை பழகி, அதிலேயே ஓய்வு பெற்றவள். தாதி அல்ல. இருந்தாலும் எங்கள் வீதிக்கு நான் மிஸ்ஸி.

செத்த வீட்டுக்குப் போனால் லோஜினி அழுவதற்கு முன் குசினிக்குள் போய் அகப்பையைப் பிடித்துவிடுவாள். வைத்தியர் பிரஷர் பார்த்துக்கொண்டிருக்கும்போது மற்றக் கையால் அவருடைய மேசையில் கிடந்த பேனைகளை அடுக்கியவள். அவள் விரலில் நான் ஒட்டிய பிளாஸ்டரைக் கழற்றி, எனக்கு முன்னாலேயே நேராக ஒட்டியவள். கேட்டால், "கை வைச்சாத்தான் எனக்கு மனம் ஆறும், மிஸ்ஸி. சும்மா பாத்துக்கொண்டு நிக்க ஏலாது" என்பாள்.

இந்தக் கைதான் போன வருடம் அவளுடைய மகனுக்கு வினையாகப் போனது.

மகன் தர்மிகன் குருளைச் சாரணன். வருடத்துக்கு ஒரு தடவை அந்தக் குழு, குடும்பங்களையும் கூட்டிக்கொண்டு சனி ஞாயிறு பாசறை போடும். சனிக்கிழமை பின்னேரம் ஒவ்வொரு பிள்ளையும் விறகு அடுப்பில் தன் குடும்பத்துக்குச் சமைக்க வேண்டும். ஒழுங்காகச் சமைத்தால் சமையல் சின்னம் கிடைக்கும். பெற்றோர் பக்கத்தில் இருக்கலாம், ஆனால் கை வைக்கக் கூடாது. போன வருடம் பருப்பு கொதித்துக்கொண்டிருந்தபோது லோஜினி அந்தப் பக்கமாகத் தண்ணீர் எடுக்கப் போனாள். போகிற போக்கில் ஒரு பிடி உப்பைப் போட்டுவிட்டுப் போய்விட்டாள். போட்டது அவளுக்கே தெரியாது. வேறு யாரும் காணவில்லை. பையன் கண்டான். நேரே குழுவை நடத்தும் ஜக்சன் சேரிடம் போய், "சேர், அம்மா உப்புப் போட்டவா" என்று தானே சொன்னான். சாரணன் பொய் பேசக் கூடாது. சின்னம் போயிற்று.

அந்தக் கிழமை முழுவதும் அவன் பாணும் வாழைப்பழமும் தின்றான். தாய் சமைத்த ஒன்றையும் தொடவில்லை.

அடுத்த வருடம் அவன் பெரிய சாரணர்களோடு சேர்ந்துவிடுவான். ஆகவே குருளைச் சின்னத்துக்கு இந்தப் பாசறைதான் கடைசி. அறிவித்தல் வந்த அன்று அவன் சொன்னதை மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன்.

"அம்மா, நீங்க வரவேண்டாம். அப்பா மட்டும் வரட்டும்."

"ஏன் மகன்? நான் கை வைக்கமாட்டன்."

"உங்களுக்கு ஏலாது, அம்மா."

அவன் கோபமாகச் சொல்லவில்லை. காய்ச்சல் இருக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னான். அதுதான் அவளைச் சுட்டது. பாசறைக்கு முதலுதவிப் பெட்டியோடு நானும் போவதாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் லோஜினி மதிலால் எட்டிப் பார்த்து, "மிஸ்ஸி, கை வைக்காம இருக்கிறதுக்கு மருந்து ஏதும் இருக்கோ?" என்று கேட்டாள்.

"மருந்து இல்லை. பழக்கம் இருக்கு" என்றேன்.

கை அடங்கினால் அம்மாவும் வரலாம் என்று பையன் ஒத்துக்கொண்டான். அன்றே பின்வளவில் பழக்கம் தொடங்கியது. மூன்று கல் வைத்து அடுப்பு. பையன் சமைப்பான், லோஜினி கதிரையில் இருப்பாள். அவளுடைய கணவன் தவராசா மீனுக்கு ஐஸ் போடும் வாடியில் வேலை செய்பவன், எதையும் விளையாட்டாக எடுக்கிற ஆள். எங்கிருந்தோ ஒரு விசில் வாங்கி வந்து, அவள் கை நீளும்போதெல்லாம் ஊதினான். முதல் பின்னேரம் வீதியில் போனவர்கள் உள்ளே உதைபந்தாட்டம் நடக்கிறதென்று எட்டிப் பார்த்தார்கள்.

"நான் விறகைத்தானே தள்ளினனான். அது சமையலே?"

"பவுல்!" என்றான் தவராசா, விசிலை வாயிலிருந்து எடுக்காமலே.

அடுத்த நாள் இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு இருந்தாள். கால் நீண்டுபோய்ச் சிரட்டையை அடுப்புக்குள் தள்ளியது. அதற்கும் விசில். மூன்றாம் நாள் கையும் காலும் அடங்கின, வாய் திறந்தது. "மகன், வெங்காயம்... மகன், வெங்காயம் கருகுது... இஞ்சேருங்கோ, அவனுக்குச் சொல்லுங்கோவன்!" பையன் அகப்பையைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குள் போய்விட்டான். அவளும் கதிரையை விட்டு எழும்பவில்லை. அடுப்பு தானாக அணைந்தது.

எங்கள் வேலையில் இதை முதல் மாதமே சொல்லித் தருவார்கள். ஒருவர் தன் சட்டைப் பொத்தானைத் தானே பூட்டக்கூடியவர் என்றால், எவ்வளவு நேரம் எடுத்தாலும் நாம் பூட்டிவிடக் கூடாது. பூட்டிவிட்டால் அடுத்த கிழமை அவரால் பூட்டவே முடியாமல் போகும். பார்த்துக்கொண்டு நிற்பதுதான் கஷ்டம். நான் துவாய் மடித்துக்கொண்டு நிற்பேன். அதைத்தான் லோஜினிக்குச் சொன்னேன்: "சும்மா இருக்கிற கை அலையும். கைக்கு வேற வேலை குடு. சமையல் வேலை இல்லாம."

தவராசாவுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் தூண்டில் போடும் பழக்கம். சிக்கிப்போன நைலோன் நூல் ஒரு பெரிய உருண்டையாக அவனிடம் கிடந்தது. அதை அவள் மடியில் போட்டான். சிக்கெடுக்க இரண்டு கையும் கண்ணும் வேண்டும். இடையில் விட்டால் பிடித்த இழை தொலைந்துவிடும். அன்று பின்னேரம் விசில் ஒரு தடவைகூட ஊதவில்லை.

ஆனால் அவள் கை வேகம். அன்றைக்கே முழு நூலையும் பிரித்துச் சுற்றி வைத்துவிட்டாள். "மிஸ்ஸி, இவ சிக்கெடுக்கிறா, நான் திரும்பச் சிக்காக்கிறன்" என்று தவராசா என்னிடம் முறையிட்டான். "கலியாணம் கட்டின நாளிலயிருந்து இதுதானே எங்கட வீட்டில நடக்குது!" லோஜினி நூலால் அவன் முதுகில் ஒரு அடி போட்டாள்.

வெள்ளிக்கிழமை பை கட்டினார்கள். ஆளுக்கொரு தட்டு, கோப்பை, போர்வை, டோர்ச், நுளம்புத்திரி. இவ்வளவும் போதும் என்று குழுவில் சொல்லியிருந்தார்கள். அவள் கட்டிய பையைத் தூக்கத் தவராசாவால் முடியவில்லை. தர்மிகன் எல்லாவற்றையும் பாயில் கொட்டினான். துவாய்களுக்கு நடுவில் இடியப்பப் பார்சல், அதற்குக் கீழே ஒரு போத்தல் சம்பல்.

"இதென்ன, அம்மா?"

"சும்மா... பசிச்சா..."

"நான் சமைக்கிறது சரிவராட்டி எண்டுதானே?"

லோஜினி பாயிலிருந்து எழும்பினாள். பார்சலை எடுத்து மதிலால் என்னிடம் நீட்டினாள். அன்றிரவு என் சாப்பாடு அதுதான். நல்ல இடியப்பம்.

பாசறை சல்லிக் கிராமத்துக்குக் கிட்ட, கடற்கரைத் தென்னந்தோப்பில். சனிக்கிழமை பின்னேரம் எல்லா அடுப்பும் மூண்டபோது கடற்காற்றும் கிளம்பியது. தர்மிகனின் அடுப்பு இரண்டு தடவை அணைந்தது. பக்கத்து அடுப்புத் தாய்மார் தங்கள் பிள்ளைகளை விட்டுவிட்டு லோஜினியைத்தான் பார்த்தார்கள். போன வருடக் கதை எல்லோருக்கும் தெரியும். அவள் பாயில் இருந்து நைலோன் நூலோடு மல்லுக்கட்டினாள். தலை நிமிரவில்லை. பையன் தென்னோலையைக் காற்றுக்கு மறைப்பாகக் குத்தி நிறுத்தி, குப்புறக் கிடந்து ஊதினான். மூன்றாம் தடவை நெருப்பு நின்று பிடித்தது.

சோறு கொஞ்சம் குழைந்தது. பருப்பு நல்ல மஞ்சளாக வெந்தது. மரவள்ளிக்கிழங்குக் கறியும் பரவாயில்லை. பருப்பை இறக்கும் நேரத்தில் லோஜினியின் விரல்கள் நூலில் அப்படியே நின்றதைக் கண்டேன். உப்புப் போத்தல் இன்னும் மூடியபடி இருந்தது. அவள் என்னைப் பார்த்தாள். நான் கடலைப் பார்த்தேன். அவள் கண் நிரம்பியிருந்தது. புகை என்று வைத்துக்கொள்ளலாம். பிறகு குனிந்து அடுத்த இழையை இழுத்தாள்.

பையன் பரிமாறினான். தவராசா ஒரு கவளம் வைத்துவிட்டு, "மகன், உப்..." என்று தொடங்கினான். லோஜினி முழங்கையால் இடித்த இடியில் மிச்சம் இருமலாகப் போயிற்று. அவள் பிசைந்து பிசைந்து சாப்பிட்டாள், வழக்கமாக ரசித்துச் சாப்பிடுகிறவள்போல.

ஜக்சன் சேர் கரண்டியோடு வந்தார். பருப்பைச் சுவைத்தார். "தம்பி, நீர் இதைச் சாப்பிட்டுப் பாத்தனீரோ?"

தர்மிகன் ஒரு வாய் வைத்தான். காது சிவந்தது. அம்மாவைப் பார்த்தான். அவள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "உப்பு மறந்திட்டன், சேர்" என்றான். பிறகு யாரும் சொல்லாமலே போத்தலைத் திறந்து, உப்பைச் சுடுதண்ணீரில் கரைத்து, பருப்பில் ஊற்றித் துழாவி, இன்னொரு கொதி விட்டான். இம்முறை தானே முதலில் நக்கிப் பார்த்தான்.

ஜக்சன் சேர் மறுபடி சுவைத்துவிட்டுத் தலையாட்டினார். "மறக்காத சமையல்காரன் எங்கையும் இல்லை. திருத்தத் தெரியுதுதானே, அது காணும். அம்மா கை வைச்சவவோ?"

"இல்லை, சேர்" என்றான் தர்மிகன். "வாயும் வைக்கேல்ல."

சுற்றியிருந்தவர்கள் வெடித்துச் சிரித்தார்கள். லோஜினியும் சிரித்தாள், சோறு புரைக்கேறும்வரை. முதலுதவிப் பெட்டியைத் திறக்காமல் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினேன்.

மறுநாள் காலை கொடியேற்றம். சின்னம் கிடைத்த பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். ஒவ்வொருவருக்கும் தாயோ தகப்பனோ வந்து சட்டையில் குத்திவிடுவது அந்தக் குழுவின் வழக்கம். தர்மிகனின் பெயர் வந்தபோது லோஜினி போனாள். சின்னத்தை நேராகக் குத்தினாள். மணலில் படுத்தெழும்பிய பிள்ளையின் கழுத்துத் துணி ஒரு பக்கமாகத் திரும்பி, முடிச்சு காதுக்குக் கீழே ஏறியிருந்தது. அவள் அதைப் பார்த்தாள். தர்மிகனும் அவள் பார்ப்பதைப் பார்த்தான். லோஜினி முடிச்சை அப்படியே விட்டுவிட்டு ஓரடி பின்னால் வந்து, இரண்டு கைகளையும் உயர்த்தித் தட்டத் தொடங்கினாள். மற்றவர்கள் நிறுத்தியதும் அவளுக்குத் தெரியவில்லை.