சுத்த ரத்தம்

திருவொற்றியூரில் எங்கள் மளிகைக்கடைக்கு மேலே ஒற்றை அறை ஒன்று உண்டு. அதில் மலரும் அவள் மகள் வினிதாவும் குடியிருக்கிறார்கள். மலருக்குக் காசிமேட்டில் இறால் தரம் பிரிக்கிற வேலை. ஐஸில் கிடந்து விரலெல்லாம் வெளுத்திருக்கும். அவளை நினைத்தாலே எனக்குக் கோபம்தான் முதலில் வருகிறது. பாதி அவள் மேல், மீதி அவளைத் துரத்தியவர்கள் மேல்.

வினிதாவுக்குத் தலசீமியா. அவள் உடம்பில் நல்ல ரத்தம் ஊறாது. மாதாமாதம் யாரோ கொடுத்த ரத்தத்தை ஆஸ்பத்திரியில் ஏற்றிக்கொண்டு வர வேண்டும். ஏற்றிய மறுநாள் படியில் குதித்து இறங்குவாள். நாள் தள்ளத் தள்ள உதடு வெளுத்து, என் கல்லாப் பக்கத்து ஸ்டூலில் சாய்ந்துவிடுவாள்.

தாய், தகப்பன் இரண்டு பக்கமும் குறை இருந்தால்தான் இந்த நோய் இவ்வளவு முற்றுமாம். ஆனால் முதலில் சோதித்த இடத்தில், தாய் கொடுத்த மரபணுவில் மட்டும் பிழை, தகப்பன் கொடுத்தது நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். தகப்பன் எத்திராஜ் காசிமேட்டு விசைப்படகுக்காரன். அவனுக்கு அது போதுமானதாக இருந்தது. அவன் அக்கா பவுனம்மாளுக்கோ அது தேவைக்கும் அதிகம்.

"எங்க ரத்தம் சுத்தம்னு டாக்டரே சொல்லிட்டாரு. இவ கொண்டாந்த கலீஜுதான் இது" என்று குப்பம் முழுக்கச் சொன்னாள். மலரையும் பிள்ளையையும் வெளியே அனுப்பிவிட்டு, சொந்தத்திலேயே கட்டினால் வம்சம் சுத்தமாக இருக்கும் என்று தன் மகள் கார்குழலியைத் தம்பிக்கே கட்டிவைத்தாள். அக்கா மகளைக் கட்டுவது அங்கே புதிதல்ல. எங்கள் திருச்செந்தூர்ப் பக்கத்திலும் உண்டு, நான் யாரைக் குறை சொல்ல?

மலருக்கு இருந்தது ஒரே ஆசை. "பாதி என்னுதுன்னு அவன் வாயால ஒரு வார்த்த சொல்லணும்க்கா. அப்பால நான் இன்னா வோணா பட்டுக்கிறேன்."

பிறகு ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்த டாக்டர் ஜெனிக்குச் சந்தேகம் வந்தது. ஒரு பக்கம் நன்றாக இருந்தால் பிள்ளையும் மலரைப் போல நடமாட வேண்டுமே, ஏன் இப்படிக் கிடக்கிறது? பிள்ளையின் ரத்தத்தை வேறு விதமாகப் பார்க்க அனுப்பினார். முடிவு வந்த அன்று நானும் கூடப் போயிருந்தேன்.

ரத்தத்துக்கான மரபணுக்கள் கூட்டமாக ஒரே இழையில் வரிசையாக இருக்குமாம். கருவில் ஒன்று வேலை செய்யும், பிறந்தபின் இன்னொன்று. இழை முழுக்கப் புரதத்தில் சுற்றி இறுகிக் கிடக்கும். அந்தச் சுருளைத் தளர்த்தி மரபணுவை எழுப்ப, சுவிட்ச் மாதிரி ஒரு விசை உண்டு. அது மரபணுவுக்குள் இல்லை, அதே இழையில் வெகுதூரம் தள்ளி இருக்கிறது. இழை வளைந்து வந்து அந்த விசை மரபணுவைத் தொட வேண்டும். எத்திராஜ் கொடுத்த இழையில் மரபணு ஒழுங்காக இருக்கிறது, விசை இருந்த துண்டைத்தான் காணோம். முதலில் சோதித்தவர்கள் மரபணுவை மட்டும் படித்துவிட்டு நிறுத்திவிட்டார்கள்.

"வல கிழியல. இழுக்குற கயிறு இல்ல. மடிச்ச வல மடிச்ச மேனிக்கே கெடக்குது" என்றாள் மலர்.

"அதேதாம்மா" என்றார் டாக்டர்.

மலர் முகத்தில் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போயும் விட்டது. "அவனோட அக்கா பொண்ணுக்கும் அந்தக் கொற இருக்குமா? அவ இப்ப முழுவாம கீறா."

இருக்கலாம் என்றார் டாக்டர். இரண்டு பேருக்கும் இருந்து, பிள்ளைக்கு இரண்டு பக்கமும் விசை இல்லாமல் போனால் அது வயிற்றிலேயே தங்காது, கருவில் வேலை செய்யும் மரபணுவையும் அதே விசைதான் எழுப்புகிறது, இருவரையும் உடனே வரச்சொல் என்றார்.

மலர் நேரே காசிமேட்டுக்குப் போனாள். பவுனம்மாள் வாசலை மறித்து நின்றுகொண்டாள். தெருவில் நின்றே மலர் சொன்னாள், "ரெண்டு பேரும் போய் டெஸ்டுக்கு ரத்தம் குடுங்க. இல்லன்னா புள்ள தங்காது." கல்லெடுக்காத குறையாக விரட்டினார்கள்.

கார்குழலி வயிற்றில் பிள்ளை தங்கவில்லை. மலர் வாசலில் நின்று சாபம் விட்டுவிட்டாள் என்று குப்பமே பேசியது.

போன வாரம் எத்திராஜ் வந்தான். இத்தனை வருஷத்தில் முதல் தடவை. பெற்ற மகள் ஸ்டூலில் வெளுத்துப்போய் உட்கார்ந்திருக்கிறாள், அவளைத் தாண்டி மாடிக்குப் போனான். நானும் பின்னாலேயே ஏறினேன். கையில் எலுமிச்சம்பழமும் கற்பூரமும் வைத்திருந்தான்.

"கார்குழலி மறுக்கா முழுவாம கீது. நீ வுட்ட சாபத்த எடுத்துக்க, மலரு."

"சாபம் இல்ல. உன் ரத்தத்துலயும் கொற கீது. ரெண்டு பேரும் வந்து பாருங்க."

"எங்க ரத்தம் சுத்தம். அக்கா ஒத்துக்காது."

மலர் அவன் கையிலிருந்த எலுமிச்சம்பழத்தை வாங்கிக்கொண்டாள். பிறகு, "சரி. நான்தான் சாபம் வுட்டேன்" என்றாள். "அது போவணும்னா நீயும் அவளும் இந்த வாரமே டாக்டர் ஜெனிகிட்ட போய் ரத்தம் குடுக்கணும். அந்தம்மா சொல்றத அப்படியே செய்யணும். அதான் பரிகாரம்."

"ஏட்டி, உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?" என்றேன்.

"அக்கா, சும்மா இரு. இப்டி சொன்னாதான் போவான்."

அவன் தலையாட்டிவிட்டு இறங்கிப் போனான். கடை வாசலில் நின்று அக்காவுக்குப் போன் போட்டது மாடி வரைக்கும் கேட்டது.

"அக்கா, அவளே ஒத்துக்கினா. நம்ம ரத்தம் சுத்தம்தான்."