மச்சினனின் கண்ணும் நீல வெளிச்சமும்

என் மனைவியின் தம்பியை நினைத்தால், மூடிய கண்களின் மேல் நந்தியாவட்டைப் பூவை வைத்துக்கொண்டு அவன் கூடத்தில் மல்லாந்து கிடந்த கோலம்தான் முதலில் வருகிறது. திருமயத்தில் லோடு வேன் ஓட்டிக்கொண்டிருந்தான். கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டும், எதிரே வரும் ஒற்றை விளக்கு இரண்டு மூன்றாகத் தெரிகிறது என்று என்னிடம் மட்டும் சொல்லியிருந்தான். எல்லாம் உடம்புச் சூடு என்பது என் மாமியாரின் முடிவு. அதற்குத்தான் பூ, தலைக்கு விளக்கெண்ணெய் எல்லாம். பூ வைத்த டிரைவர் என்று கிண்டல் செய்தேனே தவிர, எனக்கும் உள்ளூரப் பயம்தான். வண்டியை விட்டால் அவனுக்கு வேறு தொழில் தெரியாது.

புதுக்கோட்டையில் கண்ணைச் சோதித்த மருத்துவரம்மா, கருவிழி மெலிந்து கூம்பிக்கொண்டே போகிறது, விட்டால் பார்வை இன்னும் கெடும் என்றார். வைட்டமின் சொட்டு விட்டு நீல வெளிச்சம் காட்டினால் அங்கேயே நிறுத்திவிடலாம் என்றதும் மாமியார் எழுந்தே விட்டார்.

"சூட்டுல கெட்ட கண்ணுங்க இது. அதுமேல வெளக்க அடிச்சா வெந்துபோகாதா? நீங்களாவது சொல்லுங்க மாப்ள."

மருத்துவரம்மா கோபித்துக்கொள்ளவில்லை. "ஒங்க வீட்ல கயித்துக் கட்டில் தொய்ஞ்சா என்னம்மா செய்வீங்க?"

"இழுத்துக் கட்டுவோம்."

"அந்த மாதிரிதான். இந்த வெளிச்சம் கண்ணுல இருக்குற இழையைக் குறுக்கால கட்டும். தொய்ஞ்சது நிமிராது. மேக்கொண்டு தொய்யாது."

மாமியார் உட்கார்ந்தார்.

சிகிச்சை முடிந்து சில நாள் எரிச்சலும் கண்ணீருமாகக் கிடந்தான். பழக்கத்தில் பூவோடு வந்த மாமியார், கண்ணில் எதையும் வைக்கக் கூடாது என்றது நினைவுக்கு வந்து, அதைச் சாமி படத்துக்கு வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த வருடப் பரிசோதனையில் கண்ணை எடுத்த பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, "ஒரு மாத்தமும் இல்ல" என்றார் மருத்துவரம்மா. மாமியாரின் முகம் தொங்கிப்போயிற்று. மச்சினன்தான் சிரித்தான். "கெட்டது அதோட நின்னுபோச்சுன்னு சொல்றாங்க ஆத்தா. அதுக்குத்தானே வந்தோம்." அதுவரை கண்ணைச் சோதித்த ஒவ்வொரு முறையும் இன்னும் கெட்டுவிட்டது என்றே கேட்டிருந்தோம்.

இப்போது அதற்கென்று கொடுத்த லென்ஸ் போட்டுக்கொண்டு, மருத்துவரம்மாவின் சம்மதத்தோடு பகலில் மட்டும் ஓட்டுகிறான். போன வாரம் குளத்தூரில் சரக்கு இறக்கிவிட்டுத் திரும்பும்போது நானும் பக்கத்தில் இருந்தேன். புதுக்கோட்டை தாண்டியது கூடத் தெரியாது. திருமயத்தில் தட்டி எழுப்பினான்.

"முன்னல்லாம் கண்ணு கொட்டாம ரோட்டையே பாத்துக்கிட்டு வருவீங்க மச்சான். இன்னிக்கு ஏறுன ஒடனே கொறட்ட விடுறீங்க."