ஏசுபாதத்தின் மூன்றாவது ஓலை

ஏசுபாதம் செங்கல்பட்டுக்காரன். கடைப் பலகை, சுவர் விளம்பரம் எழுதுகிற தொழில். எங்கள் திருக்கழுக்குன்றத்தில் எழுத்து வேலை என்றால் அவன்தான் சைக்கிளில் வருவான். சித்திரைத் தேருக்குப் பலகை எழுதுவதும் அவன், அவர்கள் கிறிஸ்தவ சபைக் கோயில் வாசலில் வேத வசனம் எழுதுவதும் அவன். எனக்கு இங்கே சைக்கிள் கடை. கருஞ்சட்டைக்காரன். மூன்றாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன்.

ஐம்பத்தேழில் எங்கள் கட்சி வாசகம் எழுதத் தேரடித் தெருவில் சுவர் கேட்டு அலைந்தோம். ஒருத்தனும் தரவில்லை. இரும்புக் கடை நூர்முகமது பாய் தந்தார்.

"எனக்கு அல்லா கீறாரு. நீ எழுதறதால அவருக்கு இன்னா ஆவப்போவுது? சன்னல்ல மட்டும் படாம பாத்துக்க."

ஏசுபாதம் தாரால் எழுதினான். 'கடவுள் இல்லை. யோசித்துப் பார்.' ஒவ்வொரு எழுத்தும் ஒரு முழம்.

"உனுக்கு உறுத்தலையா?" என்றேன்.

"சோப்பு வெளம்பரமும்தான் எழுதறேன். அந்த சோப்புலயா குளிக்கிறேன், அண்ணாத்த?"

அடிதடி வரும் என்று இருந்தோம். ஒன்றும் வரவில்லை. கோயில் மணியக்காரர் நின்று படித்துவிட்டு, "எழுத்து லட்சணமா இருக்கு. வர்ற வருசமும் தேர்ப் பலகைக்கு இவனையே கூப்புடு" என்று சொல்லிப் போனார். மலையேற வந்தவர்கள் படித்தார்கள், சிரித்தார்கள், ஏறினார்கள்.

ஏசுபாதத்தின் மகள் சாராளுக்குப் புதுப்பட்டினத்தில் சாலமோன் என்கிற வாத்தியாரைப் பேசி முடித்திருந்தார்கள். அவர்களில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை படிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை இருந்தால் சொல்லலாம் என்று. இரண்டு ஓலை ஆகிவிட்டது. அந்த வாரம் சபை மூப்பர் தர்மராஜ் எங்கள் ஊர்ச் சந்தைக்கு வந்தவர் சுவரைப் பார்த்தார். யார் கை என்று அவருக்குச் சொல்லவேண்டியதில்லை. அழிக்காவிட்டால் மூன்றாவது ஓலையில் எழுந்து நிற்பேன் என்று சொல்லியனுப்பினார்.

சனிக்கிழமை காலையில் ஏசுபாதம் சுண்ணாம்பு வாளியோடு என் கடைக்கு வந்தான். எழுதச் சொன்னவன் சொல்லாமல் எழுதினதை அழிக்கமாட்டான். அவன் தொழிலில் அப்படி ஒரு கட்டு.

"நீ சரின்னு சொல்லு, அண்ணாத்த. ரெண்டு கை அடிக்கிறேன். கண்ணாலம் முடிஞ்சதும் திரும்ப எழுதிக் குடுத்துடறேன்."

எனக்கு ரோஷம். "கோயில்காரனே வுட்டுட்டான். உங்க மூப்பருக்கு நான் பயந்துக்கணுமா?"

"பொண்ணு, அண்ணாத்த."

"சும்மா மிரட்டறாரு. கண்ணாலத்துக்கு எவனாச்சும் எழுந்து நிப்பானா? போய் வேலையப் பாரு."

பக்கத்துக் கடையிலிருந்து பாய் எட்டிப் பார்த்தார். "சுவரு என்னுதுதான் முனிசாமி. ஆனா உனக்குக் குடுத்துட்டேன். நீதான் சொல்லணும்."

நான் பஞ்சரான ட்யூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டிருந்தேன். தலை தூக்கவில்லை. ஏசுபாதம் வாளியை ஹாண்டில்பாரில் மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை தர்மராஜ் எழுந்து நின்றார். கடவுள் இல்லை என்று எழுதினவன் வீட்டுப் பெண்ணை இந்தச் சபை எப்படிக் கட்டிக்கொடுக்கும் என்று கேட்டாராம். போதகர், விசாரித்துப் பார்ப்போம் என்று காகிதத்தை மடித்து வைத்துவிட்டார். புதுப்பட்டினத்தார் விசாரணைக்குக் காத்திருக்கவில்லை. இரண்டு மாதத்தில் சாலமோனுக்கு வேறு இடத்தில் முடிந்தது.

செய்தி வந்த அன்றைக்கே நானே சுண்ணாம்பு அடித்தேன். எனக்கு அடிக்கத் தெரியவில்லை. தார் மஞ்சளாக ஊறி எழுத்து மேலே வந்துவிட்டது. "இப்ப எதுக்கு?" என்றார் பாய்.

ஏசுபாதம் அப்புறம் எங்கள் ஊர்ப் பக்கம் வரவில்லை. அடுத்த வருசத் தேர்ப் பலகையை வேறு எவனோ கோணலாக எழுதினான். சாராள் செங்கல்பட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆயாவாகச் சேர்ந்தாள்.

போன மாதம் செயினில் விரல் மாட்டி அங்கே போனேன். கட்டுப் போட வந்தது அவள்தான். ஏசுபாதத்தின் முகம் அப்படியே. என்னை அவள் பார்த்ததில்லை. முனிசாமி என்கிற பேரைக் கேட்டிருப்பாள்.

"பேரு?" என்றாள்.

"வரதன்" என்றேன்.