கொதிநீருக்குத் தப்பிய சட்டை

மருத்துவமனைக் கூடத்தைக் கிருமிநாசினி இட்டுக் கழுவுகின்றனர். மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு விலக, நான் நின்றுவிட்டேன்.

பினாங்கில் என் இளமைக்காலத்தில், நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் திரும்பிய என் தந்தையையும் அண்டைவீட்டுத் தோழி மீனாவின் தந்தையையும், காய்ச்சல் கண்டு, தொற்றுநோயாளரைத் தனிமைப்படுத்தும் தீவில் தடுத்துவைத்தனர். என் தந்தை மட்டுமே வீடு திரும்பினார். அவள் தந்தையின் உடைமைகளை அங்கேயே எரித்துவிட்டனர்.

"உங்கப்பா மட்டும் எப்படிடி வந்தாரு?" என்று கேட்ட மீனா, அன்றிலிருந்து என்னோடு பேசுவதை நிறுத்தியிருந்தாள்.

தீவில் தெளித்த கிருமிநாசினியின் நெடி வீசிய தந்தையின் துணிமூட்டையைத் தொடவே அஞ்சிய அம்மா, சில நாள் கழித்து அதைக் கொதிநீரில் இடச் சொன்னார். நான் சட்டையை எடுத்ததும் மீனா ஓடிவந்து என் மணிக்கட்டைப் பற்றினாள்.

"போடாதடி! எங்கப்பா கடைசியா இருந்த எடத்து வாசம் இதுலதான் இருக்கு."

"நோய் ஒட்டிக்கும்டி."

"ஒட்டட்டும்."

"இன்னுமா போடல?" என உள்ளிருந்து அம்மா அதட்டினார். மீனாவின் பிடி இறுகியது.

"போட்டாச்சும்மா!" என்று கூறி, வெறும் நீரைக் கோலால் கலக்கினேன்.

மீனா சட்டையில் முகம் புதைத்தாள். நெடி தாளாமல் இருமினாள்; எனினும் முகத்தை எடுக்கவில்லை. நெடுநேரம் கழித்து, ஒரு கையை மட்டும் விலக்கி, சட்டையின் மறுபாதியை என் பக்கம் நீட்டினாள்.

கூடம் உலர்ந்துவிட்டது. நான் இன்னும் ஆழ்ந்து மூச்சிழுத்தபடி நிற்கிறேன்.